மரபியலின் நான்கறிவுயிரும் கணுக்காலிப் பாகுபாடும்

தொல்காப்பிய மரபியலில் உயிர்களை அறிவு வகையான் ஆறாகப் பகுத்தோதும் பகுதி, சென்ற நூற்றாண்டு முதலாகத் தமிழறிஞரால் மிகுதியும் பாராட்டப்பட்டு வருவது. இக்கால விலங்கியலார் கண்ட பாகுபாட்டை ஆசிரியர் முன்னரே கண்டார் என்பது அப்பாராட்டின் சாரம். அக்கூற்று எத்துணை உண்மை என்பதைப் பகுதி முழுமையும் கொண்டு ஆராயப் புகின் கட்டுரை விரியும். ஆகலின், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர் என ஒருங்கு வைத்த நூற்பா ஒன்றனை மட்டும் எடுத்துக்கொள்கின்றோம். நண்டு நீரிலும் வரப்பிலும் ஊர்வது. தும்பி வானிற் பறப்பது. இவ்விரண்டினையும் ஓரினமாக நிறுத்தியது எதனால் என்னும் வினாவிற்கு விடை கண்டபின்னரே பாராட்டிற்கு இடம் உண்டு.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்காட்டிடமாக ஆரணியைக் கொண்டோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் உள்ள இவ்வூர் பட்டு நெசவாற் பெயர் பெற்றது; ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அங்குத் தறியில் ஓடும் நூல் ஒரு கணுக்காலியின் வாய்ப்புறத்தினின்று வெளிப்பட்டது. நெல்வயல் வரப்பில் வளை செய்து வாழும் நண்டு மற்றொரு கணுக்காலி. இவ்வட்டாரம் தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் வட்டாரமும் ஆகும். ஆரணியை அடுத்த பூண்டியின் அருகர் கோயிலும், போளூர்ப் பக்கத்துத் திருமலையில் பாறையிற் செதுக்கிய நேமிநாதர் திருவுருவும் அதற்குச் சான்று. உயிர்களை அறிவின் தொகைகொண்டு எண்ணும் வழக்கினை ஏட்டளவில் நிறுத்தாது, உணவிலும் நோன்பிலும் கடைப்பிடித்த சமயம் சமணம். ஆகலின் ஓர் உயிர்க்கு அறிவு எத்துணை என்பது ஈங்கு இலக்கண வினாவாக மட்டும் நில்லாது, வாழ்க்கை வினாவும் ஆகின்றது.

முதலில் விலங்கியலார் கூறுவதைச் சுருங்கக் காண்போம். உடல் கண்டம் கண்டமாக அமைந்து, புறத்தே வன்தோலோ ஓடோ போர்த்து, கால்கள் கணுக்கணுவாக மடங்கும் உயிர்களுக்குக் கணுக்காலி என்பது பெயர். ஜெர்மானிய விலங்கியலார் சீபோல்டு என்பார் 1848இல் இத்தொகுதியைத் தனியே வகுத்தார். நண்டும் இறாலும், ஆறுகாற் பூச்சிகளும், பூரானும், சிலந்தியும் தேளும் இதனுள் அடங்கும். இவற்றுள் எது எதற்கு அணுக்கம் என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. பூச்சிக்குப் பூரானே கிளைஞன் என்பது நூறாண்டுக்கும் மேலாகப் பாடநூல்களில் நின்ற கொள்கை. 1990களில் மரபணுக்களை ஒப்பிட்டு ஆராயத் தொடங்கியபின் அக்கொள்கை வீழ்ந்தது. பூச்சிகள் ஓடுடைய நீர்வாழ் கணுக்காலிகளின் வழியினின்று கிளைத்தவை என்பது தெளிவாயிற்று. நண்டையும் பூச்சியையும் ஒருங்கு தழுவும் பெருங்குழுவிற்கு 1997இல் தனிப்பெயரும் இடப்பட்டது. சிலந்தியும் தேளும் அக்குழுவிற்குப் புறம்பாயின.

இதனைக் கேட்ட அளவில் மரபியலைப் பாராட்டுவார் மகிழ்வர். ஐரோப்பியர் 1997இல் கண்டதைத் தொல்காப்பியர் அன்றே கண்டார் என மேடையில் முழங்குதற்கு இதனினும் வாய்ப்பு வேண்டுமோ? யாம் அம்முழக்கத்தில் சேர்வதற்கில்லை. காரணம், மேல்நாட்டார் குதிரைலாட நண்டு என வழங்கும் கடலுயிர்.

இவ்வுயிர் பெயரால் நண்டு, தோற்றத்தாலும் கவிழ்த்த சட்டி போன்ற ஓட்டினை உடையது, கடலோரத்து வாழ்வது. உலகில் இன்று எஞ்சியுள்ள வகைகள் நான்கே. அவற்றுள் இரண்டு இந்தியாவில் உள; ஒடிசா, வங்கக் கரைகளில் பெரிதும் காணப்படுகின்றன. இதனைத் திருப்பிப் போட்டு நோக்குவார்க்கு நண்டினின்று வேறுபாடு உடனே புலப்படும். நண்டிற்குத் தலையில் இரண்டு இணை உணர்கொம்புகள் உள. இதற்கு ஒன்றும் இல்லை. நண்டிற்கு இரையை அரைக்கும் தாடை உண்டு. இதற்குத் தாடை இன்று. வாயின் முன்னே சிலந்திக்கும் தேளுக்கும் உள்ளது போன்ற சிறு கவ்வுறுப்பு ஓர் இணை நிற்கின்றது. நடக்கும் கால்களின் அடிப்புறத்தில் முட்கள் நெருங்கியிருத்தலின், நடந்தாலன்றி மெல்லுதல் இயலாத விந்தையான அமைப்பு இதனுடையது. வயிற்றுப்புறத்துச் செவுள்கள் ஏட்டுச்சுவடி அடுக்கியவாறு அடுக்கப்பெற்றுள்ளன. தேளின் மூச்சுப்பைக்குள்ளும் அவ்வாறே ஏடுகள் உள. இவற்றையெல்லாம் ஒப்பிட்டு, இது நண்டன்று, சிலந்தியினம் என்று 1881இல் ஆங்கில விலங்கியலார் ரே லங்கெஸ்டர் நிறுவினார். அன்று எழுந்த வழக்காடல் முழுதும் அடங்கிவிட்டது என்றலும் இயலாது. சிலந்தியினத்திற்கு உடன்பிறப்போ அன்றி அவ்வினத்தின் உள்ளேயே கிளைத்ததோ என்பது 2019இல் வெளிவந்த ஆராய்ச்சியாலும் மீண்டும் எழுந்துள்ளது. நண்டன்று என்பதில் மட்டும் ஐயமில்லை.

இவ்வுயிரை மரபியலார்முன் வைப்பின் யாது கூறியிருப்பர்? உற்றறியும், சுவையறியும், காலின் அடிப்புறத்து நுண்ணுறுப்புகளால் நீரிற் கரைந்து வரும் இரையின் மணத்தை அறியும், ஓட்டின் இருமருங்கும் கூட்டுக்கண் உடைமையிற் காணும். அக்கண்ணை ஆராய்ந்தே ஹார்ட்லைன் என்பார் பார்வையின் நரம்பியக்கத்தை விளக்கி 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். செவி இன்று. ஆகவே நான்கறிவுயிர். நண்டோடும் தும்பியோடும் ஒரே நிரலில் வைத்திருப்பர் என்பது தெளிவு. உறவுமுறையாற் பகுப்பார் அங்ஙனம் வையார். எனவே, மரபியலின் அளவுகோல் பொறி. விலங்கியலின் அளவுகோல் பிறப்பு. இரண்டும் நண்டு-தும்பி என்னும் ஓரிடத்தில் ஒத்தது வாய்ப்பேயன்றி முன்னறிவு அன்று.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். ஒவ்வோர் அறிவினத்தின் இறுதியிலும் அக்கிளைப்பிறப்பு வேறும் உள என ஆசிரியர் கூறுதலின், 'கிளை' என்னும் சொல்லால் உறவினையே கருதினார் எனலாமே? அங்ஙனம் கொள்ளின், ஐயறிவுடையனவாக மாவும் மாக்களும் ஓதப்பட்ட இடத்திலும் அச்சொல்லை அவ்வாறே கொள்ளல் வேண்டும். அங்கு உறவுப்பொருள் இயையாது. ஓரறிவுயிராகிய புல்லும் மரனும் போலவே, ஈங்கும் அறிவொப்புமையே கிளைமை. மேலும், இப்பகுப்பினைத் தாம் கண்டதாக ஆசிரியர் கூறவில்லை. நுண்ணிதின் உணர்ந்தோர் முன்னரே நெறிப்படுத்தியது என்றே உரைக்கின்றார். தாம் உரிமை கொண்டாடாத ஒன்றினை அவர்க்கு உரிமையாக்குவோர், அவர் அடக்கத்தை எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வாறு கூறுதலால் நூற்பாவின் பெருமையைக் குறைத்தோம் எனக் கொள்ளற்க. அதன் பெருமை வேறிடத்தில் உள்ளது. அதனை முதன்முதலிற் கண்டவர் பழைய உரைகாரர். நண்டிற்கு மூக்கு உண்டோ என்று உரையில் ஓர் ஐயம் எழுப்பப்படுகின்றது. ஆசிரியர் கூறலான் உண்டென்பது பெறப்படும் என விடையிறுக்கப்படுகின்றது. விடை நம்பிக்கையால் தந்தது. வினாவோ கண்ணால் நோக்கியவர் வினா. நண்டின் முகத்தை உற்று நோக்கியவர்க்குக் கண் தெரியும், வாய் தெரியும், மூக்கெனச் சொல்லத்தக்க யாதும் தெரியாது. தெரியாததைத் தெரியாது எனக் குறித்துவைத்த அவ்வுரையை யாம் போற்றுகின்றோம். இன்றைய விலங்கியல் அவ்வையத்தைத் தீர்த்துவைக்கின்றது. நண்டின் கண்களுக்கிடையே மடங்கிக் கிடக்கும் குறுங்கொம்பிணை ஒன்று உண்டு. அதன் நுனியில் மயிர்போன்ற நுண்குழல்கள் நிரைநிரையாக உள. நண்டு அக்கொம்பினை இடையிடையே சுண்டிச்சுண்டி அசைக்கும். அசைக்குந்தோறும் புதுநீர் அம்மயிரிடையே புகுந்து மணத்தைத் தரும். நாம் மூச்சிழுத்து மோப்பதற்கு நிகரானது அது. மூக்கு இல்லை என்ற ஐயமும் சரி. மூக்கறிவு உண்டு என்ற நூற்பாவும் சரி.

லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பத்தாம் பதிப்பினை இதனொடு வைத்து நோக்குதல் பயன்தரும். அவர் நண்டையும், சிலந்தியையும், தேளையும், குதிரைலாட நண்டையும், பட்டுப்பூச்சியையும் எல்லாம் பூச்சி என்னும் ஒரே வகுப்பில் அடக்கினார். நண்டினைச் சிறகிலாப் பூச்சிகளோடு சேர்த்தார். அவ்வகுப்பின் பொறிகளைக் கூறுமிடத்து நாவும் கண்ணும் உணர்கொம்பும் உண்டு, செவியும் மூக்கும் இல்லை என்றார். உணர்கொம்பே மூக்கின் தொழிலைச் செய்வதென அவர் அறிந்திலர். உறுப்பினைத் தேடியவர் அறிவினை இழந்தார். நம் நூற்பா அறிவினைக் கூறி உறுப்பினைக் கூறாது விட்டது.

செவி பற்றிய செய்தி இதனினும் சுவையுடையது. ஹக்ஸ்லி 1880இல் கிரேபிஷ் என்னும் நன்னீர் உயிர் ஒன்றனையே முழுப்பொருளாகக் கொண்டு விலங்கியற் புகுமுக நூல் ஒன்று எழுதினார். தலை முதல் வால் வரை அமைந்த பத்தொன்பது இணை உறுப்புகளும் ஒரே அமைப்பின் வேற்றுருவங்களே என அவர் காட்டுந்திறம் எவரையும் கவரும்: மோக்கும் கொம்பும், அரைக்கும் தாடையும், பற்றும் கொடுக்கும், நடக்கும் காலும், நீந்தும் துடுப்பும் எல்லாம் ஒன்றன் திரிபுகள். எழுத்துத் திரிபும் சொற்றிரிபும் கற்ற நம் மாணவர்க்கு இம்முறை புதிதன்று. ஆயினும் அந்நூலில், குறுங்கொம்பின் அடியில் மணல் பொதிந்து கிடக்கும் சிறு பையினைச் செவி என்றே கொண்டார். அக்காலத்து உடற்கூற்றுநூலார் கருத்தும் அதுவே. கிரைடல் என்பார் 1893இல் ஓர் எளிய சோதனையால் அதனை ஆராய்ந்தார். ஓடு கழற்றும்போது இறால் பழைய மணலையும் இழந்து புதிதாக மணல் பெய்துகொள்ளும். மணலுக்கு ஈடாக இரும்புத்தூள் இட்ட தொட்டியில் இறாலை விட்டார். அது தூளைப் பையில் ஏற்றுக்கொண்டது. பின்னர்க் காந்தத்தை அருகே கொணர, இறால் தலைகீழ் மேலாகத் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றது. ஆகவே அப்பை மேல்கீழ் அறியும் சமநிலையுறுப்பு என்பது விளங்கிற்று. செவி உண்டென ஐரோப்பியர் கருதிய காலத்திலும், செவியை நீக்கி நான்கு என்றதே நம் நூற்பா. இதிலும் வெற்றி முழக்கம் வேண்டா. தாழ்ந்த ஒலியதிர்வினை இறால் அவ்வுறுப்பாலேயே உணரும் எனப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. உணர்தல் வேறு, கேட்டல் வேறு எனப் பிரிக்கும் கோடு எங்கு விழும் என்பது உயிரியலார்க்கும் எளிய வினா அன்று.

இனித் தும்பியை நோக்குவோம். இக்காலத்தார் தும்பி என்பது குளக்கரையிற் பறக்கும் நீள்வாற் பூச்சியை. அதனையே நூற்பாவிலும் கொள்வார் உளர். அப்பூச்சி கண்ணாற் சிறந்தது. உணர்கொம்போ மயிரளவினது, மணமறிதலிற் பின்தங்கியது. சங்க நூல்களில் தும்பி தேன்நாடும் வண்டினம். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் தலைவன் கூந்தல் மணத்தைப் பற்றித் தும்பியிடமே தீர்ப்பு வேண்டுகின்றான். மணத்திற்குச் சான்று கூறத்தக்க உயிர் அது எனப் புலவர் கொண்டமையால், மூன்றாம் அறிவும் நான்காம் அறிவும் ஒருங்கு சிறந்த உயிரையே நூற்பாவும் கருதிற்று என்க. (தருமிக்குப் பொற்கிழி கிடைத்ததோ இல்லையோ, தும்பியின் மூக்கிற்கு அப்பாட்டால் புகழ் கிடைத்தது.) நண்டின் கண்ணையும் புலவர் நன்கு நோக்கினர். ஐங்குறுநூற்று மருதத்தில் கள்வன்பத்து என நண்டிற்கே ஒரு பத்து அமைந்துள்ளது. ஆங்கு அதன் நீண்ட கண் வேம்பின் அரும்பிற்கு உவமிக்கப்படுகின்றது. காம்பின் முனையில் நிற்கும் கண் நண்டினத்திற்கு உரியது. பூச்சிக்கும் குதிரைலாட நண்டிற்கும் கண் உடலோடு ஒட்டியது. ஆரணி வயலில் நீர்மட்டத்திற்குமேல் கண்ணை மட்டும் நீட்டிக் கிடக்கும் நண்டைக் கண்டார் எவர்க்கும் அவ்வுவமையின் செப்பம் விளங்கும்.

நன்னூலார் இந்நூற்பாவை எவ்வாறு கைக்கொண்டார்? நான்கறிவுயிர்க்குத் தும்பியையும் வண்டையும் எடுத்துக்காட்டினார்; நண்டினை விடுத்தார். இவ்விடுபாட்டினைப் பலர் கருத்திற் கொண்டிலர். பவணந்தியார் சமண முனிவர். சமணர் போற்றும் தத்துவார்த்த சூத்திரம், புழு, எறும்பு, வண்டு, மனிதன் என நான்கினை முறையே ஈரறிவு முதல் ஐயறிவு ஈறாக எடுத்துக்காட்டும். அந்நிரலிலும் நண்டு இன்று. மக்கட்கு மனம் என்னும் ஆறாம் அறிவைத் தனியே எண்ணாது ஐயறிவோடு நிறுத்தியதும் அச்சமயக் கோட்பாட்டோடு ஒக்கும். ஆகலின் அவர் தம் சமயநூல் வழியை மேற்கொண்டார் எனல் பொருந்தும். மூக்குண்டோ என்னும் ஐயத்திற்கு இடந்தரும் உயிரை எடுத்துக்காட்டாக்குதல் நூற்கு அழகன்று எனக் கருதினார் எனவும் கூறலாம். அதற்குச் சான்று இன்மையின் வலியுறுத்தேம். காரணம் யாதாயினும், ஐயமற்ற இரு பறவைப் பூச்சிகளை நிறுத்தியதால் நூற்பா எளிதாயிற்று. சிந்தனைக்கு இடமும் சுருங்கிற்று. நீரில் வாழ்வதும் வானிற் பறப்பதும் ஒரே அறிவினவாம் என்னும் துணிவு தொல்காப்பிய நூற்பாவிற்கே உரியது. எமக்கு அதுவே சிறந்ததாகப் படுகின்றது.

மூவறிவுயிரில் மரபியல் தவறியுள்ளது என்பதையும் கூறாது விடுதல் நேர்மையன்று. சிதலும் எறும்பும் கண்ணிலவாக ஓதப்பட்டன. சிதலின் வேலையாட்கள் பெரும்பாலும் கண்ணில்லாதவை, அது சரியே. எறும்பு வகைகளிற் பெரும்பாலானவற்றிற்குக் கூட்டுக்கண் உண்டு. மேலும், அதே சிதற்புற்றினின்று மழைநாளில் இறகுடன் எழும் ஈசலுக்குக் கண் உண்டு. ஒரு தாய் வயிற்றில் மூவறிவும் நாலறிவும் பிறக்கும் எனின், அறிவின் தொகை இனத்திற்கு உரியதா, உடலுக்கு உரியதா?

இவ்வினா ஆரணியில் கூர்மை பெறுகின்றது. பட்டுநூல் தரும் உயிரைத் தமிழர் பட்டுப்புழு என்கின்றோம். புழு எனப் பெயரிட்டமையால் தத்துவார்த்த சூத்திர நெறியில் அது ஈரறிவுயிர் ஆதல் வேண்டும். உடற்கூற்றினை நோக்கின் வேறு. மார்பின்கீழ் மூன்று இணைக் கால்கள் கணுவுடையன. பின்னுள்ள ஐந்து இணையும் சதைப்பற்றான போலிக்கால்கள். தலையின் ஒவ்வொரு பக்கத்தும் ஆறு சிறுகண்கள் உள. குறுங்கொம்பினாலும் வாய்த்துணை உறுப்பினாலும் முசுக்கொட்டை இலையின் மணத்தையும் சுவையையும் தேர்ந்தறியும். எனவே புழுப்பருவத்திலேயே அது நான்கறிவிற்குரிய பொறிகளை உடையது. சிறகு முளைத்துக் கூட்டினின்று வெளிப்பட்டபின்னர் யாதும் உண்பதில்லை. அதனால் நாவின் தொழில் ஒடுங்குகின்றது. மூக்கறிவோ பன்மடங்கு பெருகுகின்றது. பெண்பூச்சியின் மணப்பொருளை ஜெர்மனியின் பூட்டெனாண்டு குழுவினர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பூச்சிகளின் சுரப்பிகளைக்கொண்டு பிரித்தறிந்து 1959இல் வெளியிட்டனர். இனக்கவர்ச்சிப் பொருள் ஒன்றன் வேதியமைப்பு அறியப்பட்டது அதுவே முதல்முறை. ஆண்பூச்சி அதன் மிகச்சிறு அளவினையும் உணர்கொம்பால் அறிந்து சிறகடிக்கும்.

ஆரணி நெசவாளர் புழு வளர்ப்பவர் அல்லர். நூல் பெரிதும் கர்நாடகத்தினின்று வருகின்றது. தமிழகத்தில் கிருட்டிணகிரி, தருமபுரிப் பகுதிகளில் வளர்ப்பு உண்டு. நூலெடுக்குமுன் கூட்டினுள் உறங்கும் உயிரை வெப்பத்தாற் கொல்லுதல் வழக்கம். அது துளைத்து வெளிவரின் ஒரே இழையாக நிற்கும் நூல் அறுபடும். பதிற்றுப்பத்து பட்டாடையை நூற்கப்படாத துணி என்னும் பொருள்படக் குறித்திருத்தலை நோக்க, பஞ்சுபோல் நூற்காது கூட்டினின்று இழையாக இழுத்தெடுக்கும் இயல்பு அக்காலத்தார்க்குத் தெரிந்ததே. பட்டினைத் தவிர்க்கும் சமணர் உளர். அவர் தவிர்ப்பது எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாமை என்னும் பொதுநெறியாலேயே. ஆயினும் ஊற்றின் கடுமையை அறிவின் தொகைகொண்டு அளக்கும் மரபில், புழு என்னும் ஒரு பெயர் இரண்டு அறிவினைக் குறைத்துவிடுகின்றது என்பதை எண்ணுதல் வேண்டும்.

பெயரால் நேரும் இவ்விடர் நம் கலைச்சொல்லாக்கத்திற்கும் உண்டு. 1954 முதல் 1968 வரை வெளிவந்த கலைக்களஞ்சியம் விலங்கியலைத் தமிழிற் சொல்ல இயலும் என்பதைக் காட்டிற்று. கணுக்காலி போன்ற சொற்கள் பாடநூல்களில் நிலைபெற்றன. கிரேபிஷ் பற்றியோ தமிழில் எழுதுவது அரிதே. அவ்வுயிர் இந்தியாவில் இயற்கையாக இல்லை. ஆங்கிலச் சொல்லின் இறுதியில் நிற்கும் மீன் என்பதும் பிரெஞ்சுச் சொல் ஒன்றன் ஓசை திரிந்து வந்த போலி. அதனால் அன்றோ பட்வர்த்தன் 1937இல் இந்திய விலங்கியல் தனிநூல் வரிசைக்கு எழுதுங்கால், ஹக்ஸ்லியின் உயிரை விடுத்து நம் ஆற்றிறாலைக் கொண்டார். தமிழில் எழுதுவாரும் அவ்வழியே ஆற்றிறாலை முன்னிறுத்தி, கிரேபிஷ் என்பதை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்து வைத்தலே தக்கது.

குதிரைலாட நண்டு என்பது ஆங்கிலத்தின் மொழிபெயர்ப்பு. நண்டு என்னும் சொல் அதனுள் இருக்குமளவும் மாணவர் அதனை நண்டினத்திலேயே வைப்பர். தேர்வுத்தாளிலும் அங்ஙனமே எழுதுவர். லாடம் என்னும் உவமை பிழையன்று. பிற்பகுதியை நீக்கி, லாடச்சிலந்தி எனவோ, சிலந்தி என்பதனையும் விடுத்து லாடவோடி எனவோ வழங்கலாம். முன்னையதில் மேற்காட்டிய 2019ஆம் ஆண்டு வழக்கினை முடிவுக்கு முன்னரே தீர்த்துவிட்ட குற்றம் நேரும். பின்னையதில் ஓட்டினையுடையது என்னும் பொருளும் ஓடுவது என்னும் பொருளும் மயங்கும். இரண்டனுள் பின்னையதே ஏற்புடைத்து. அவ்வுயிர் ஓடுவதில்லை என்பது அதனைக் கண்ட எவர்க்கும் தெரியும்.